முக்கால் வோல்ட்

ஆளில்லாத தண்டவாளத்தில் ஆளைப் பார்த்து நாச்சிமுத்து அவசர பிரேக் போட்டது அது மூன்றாவது முறை. முதல் தடவை ரயில் நிறுவனம் மாடு என்று எழுதிக்கொண்டது. இரண்டாம் தடவை கானல் என்று எழுதிக்கொண்டது. மூன்றாம் தடவை, காலை பதினொன்று நாற்பதுக்கு, எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்த வண்டி புளியங்காட்டு வளைவில் கிறீச்சிட்டு நின்றது. சமையல் பெட்டியில் கொதிக்கும் சாம்பார் கவிழ்ந்து ஒருவருக்குக் கால் வெந்துபோனது. இனி எழுதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றானதும் சென்னைக்கு ஃபோன் போட்டார்கள்.

அந்த ஃபோன் நாலு மேசை சுற்றி ஆக்னஸிடம் வந்து நின்றது. ஆக்னஸ் கெர்னல் பொறியாளர். ஒரு கருவிக்குள் இருக்கும் சிப்புகளோடு நேராகப் பேசுகிற, மென்பொருளின் அடித்தளத்தில் வேலை செய்பவள். பத்து வருடமாக அவள் எழுதியதை வெளியார் யாரும் பார்த்ததில்லை. பார்க்கும்படி ஆனால் எங்கோ எதுவோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

கருவி இதுதான். ரயில் ஓட்டுகிற எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் வண்டிக்கு முன்னால் யாராவது வந்து நிற்பார்கள். பிரேக் போட்டாலும் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த அரை நிமிடத்தை ஆயுசுக்கும் சுமந்து குடித்தே அழிந்தவர்கள் உண்டு, பாதி வயதில் வேலையை விட்டவர்கள் உண்டு. ஆறு வருடத்துக்கு முன்பு நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. வலது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் விரல்நுனி அளவில் ஒரு பெட்டி, அதனுள் ஒரு மெமரி கார்டு. சம்பவம் நடந்த அன்று மாலையே மருத்துவர் அந்த ஒரு மணி நேரத்தை மூளையிலிருந்து எடுத்து கார்டில் வைத்துவிடுவார். நாளை விசாரணைக்கு வேண்டியிருக்கும் என்பதால் அழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் கார்டுக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். மின்சாரமில்லாத கார்டு வெறும் பிளாஸ்டிக். ஒரு மனிதனின் மறதி என்பது ஒரு குட்டி ரெகுலேட்டரை அணைத்து வைப்பது என்ற அளவுக்கு எளிதாகிவிட்டது.

ஓட்டுநர்கள் அதை ‘ஹவர்’ என்றார்கள். ‘அவனுக்கு ஒரு ஹவர் போயிருச்சு’ என்றால் விஷயம் புரிந்துவிடும். அதற்கு மேல் யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி.

ஈரோட்டில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில், மருத்துவ அறையின் மர பெஞ்சில் நாச்சிமுத்து காத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கண்ணுக்குக் கீழே மட்டும் பல நாள் தூக்கமின்மை கறுத்துக் கிடந்தது.

“வாங்கம்மிணி. காப்பி சொல்லட்டுங்களா?”

“அப்புறம் குடிக்கலாங்க. முதல்ல பார்த்துடறேன்.”

அவர் காதுக்குப் பின்னால் இருந்த மூடியைத் திறந்து ஊசி போன்ற இணைப்பைச் செருகினாள். மடிக்கணினியில் பதிவுகள் ஓடின. கார்டு: அணைந்துள்ளது. ரெகுலேட்டர்: அணைந்துள்ளது. ஆறு வருடமாக ஒரே பதில், ஒரு நாள் பிசகில்லை.

“எல்லாம் சரியா இருக்குதுங்களா?” என்றார், அவள் முகத்தைப் பார்த்தே. “அப்படின்னா கோளாறு எனக்குத்தானுங்க. இன்னொருக்கா பிரேக் போட்டா வண்டியிலிருந்து எறக்கி பார்சல் ஆபீசுல உட்கார வெச்சிருவோம்னுட்டாங்க. முப்பது வருசமா ஓட்டறனுங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது.”

ஆக்னஸ் மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள். மென்பொருள் சொல்வதைக் கேட்டு முடித்தாயிற்று. பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் கார்டின் மின்வாசலில் வைத்தாள். சைபர் காட்ட வேண்டும். எண் கொஞ்சம் ஆடி, முக்கால் வோல்ட்டில் வந்து நின்றது.

அவள் முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தாள். முக்கால்தான்.

“என்னங்க அது?”

“கார்டு வேலை செய்ய மூணே கால் வோல்ட்டுக்கு மேல வேணும். தூங்கணும்னா சைபர். இது நடுவுல நிக்குது. முழிச்சும் இல்ல, தூங்கியும் இல்ல.”

“அணைச்சிருக்குதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதுங்களே.”

“உள்ளே டிரைவர்னு ஒரு நிரல் இருக்கு. அது ரெகுலேட்டர்கிட்ட ‘அணை’ன்னு சொல்லும். அது ‘ஆச்சு’ன்னு சொல்லிடும். நிஜமாவே அணைஞ்சுதான்னு யாரும் தொட்டுப் பார்க்கறதில்லை.”

“அதுக்குள்ளயும் டிரைவருங்களா?” நாச்சிமுத்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். “பாவம், அவனும் தூங்கியிருக்கமாட்டான்.”

மறுநாள் காலை ஆக்னஸ் அவருடைய எஞ்சினிலேயே ஏறினாள். அவர் பார்ப்பதை அவர் பார்க்கும்போதே அளந்தாக வேண்டும். உதவி ஓட்டுநர் தினகரனுக்கு இருபத்தேழு வயது. இதுவரை ஒரு ஹவரும் போகாதவன். ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலை மனதுக்குள் பார்த்துக்கொள்வதில்லை. ஒருவர் கை நீட்டி சிக்னலின் பெயரையும் நிறத்தையும் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“ஹோம், கிரீன்.”

“ஹோம், கிரீன்.”

பதினொன்று முப்பத்தெட்டுக்கு வளைவு தெரிந்தது. ஒரு பக்கம் நூல் மில், மறுபக்கம் பஸ் நிறுத்தம், நடுவில் தண்டவாளம். வேலியின் கம்பிகளை யாரோ எப்போதோ விலக்கி நடைபாதை ஆக்கியிருந்தார்கள். நாச்சிமுத்துவின் கை தானாகப் போய் ஹாரனை நீளமாக அழுத்தியது. அதே நொடியில் தினகரனின் கையும் அவன் பக்கத்து ஹாரனில் இருந்தது. தூரத்தில், எதிர்ப்பாதையில் வந்த சரக்கு வண்டியும் ஊதியது.

“இங்கே ஊதணும்னு பலகை இல்லையே. ஏன் ஊதினீங்க?” என்றாள் ஆக்னஸ்.

“ஊதினமா?” என்றான் தினகரன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பழக்கமுங்க,” என்றார் நாச்சிமுத்து. “எல்லாரும் ஊதுவாங்க இங்க.” சொல்லும்போதே அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. ஒரு கை பிரேக் பிடியை இறுக்கிக்கொண்டது.

“நிக்கறாங்க பாருங்க.”

ஆக்னஸ் பார்த்தாள். ஜல்லிக்கல், தண்டவாளம், வெயில். அவ்வளவுதான் இருந்தது.

“பச்சைச் சீலை. கையில சோத்துத் தூக்குப்போசி. ஓடவும் மாட்டேங்குது, நவுரவும் மாட்டேங்குது. என்னையேதான் பாக்குது. பின்னால ஒருத்தன் சைக்கிளப் புடிச்சுட்டு நிக்கறான்.” பல்லைக் கடித்துக்கொண்டார். வண்டி அந்த இடத்தைக் கடந்தது. தினகரன் ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் காதுக்குப் பின்னாலிருந்து கம்பி இழுத்து ஆக்னஸ் மடியில் வைத்திருந்த மீட்டர் முக்காலிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு ஏறி, மெல்ல இறங்கியது.

“எனக்குப் போனது ஒரே ஒரு ஹவர்தானுங்க. அப்படித்தான் சொன்னாங்க,” என்றார் நாச்சிமுத்து, வளைவு மறைந்த பிறகு. “அப்புறம் எதுக்குங்க வேற வேற ஆளா வர்றாங்க?”

அன்று மதியம் ரன்னிங் ரூமில் உட்கார்ந்து ஆக்னஸ் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தாள். முதலாவது, அவர் கார்டில் இருந்தவை நான்கு ஹவர்கள். நான்கும் புளியங்காட்டு வளைவு. முதல் ஒன்றை மட்டுமே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மற்ற மூன்று நாட்களுக்கும் ‘காய்ச்சல், லீவு’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது விஷயம் கார்டின் மின்சாரத்தில் இருந்தது. அந்தக் கார்டுக்கு மின்வாசல் இரண்டு. ஒன்று கார்டுக்கே, மற்றது அது பேசுகிற கம்பிகளுக்கு. முதல் வாசல் ஒழுங்காக மூடிக்கொண்டது. இரண்டாவதை மூடவே கூடாது என்று நிரலில் ஒரு வரி இருந்தது. அந்த வாசல் வழியாகக் கசிந்த மின்சாரம்தான் கார்டைப் பாதி உயிரில் வைத்திருந்தது. யார் எழுதிய வரி என்று தேடினாள். மாற்றங்களின் பட்டியலில் பெயரும் தேதியும் எப்போதும் இருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. ஆக்னஸ்.

பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு: ‘தற்காலிகம். பிறகு நீக்க வேண்டும்.’

ஞாபகம் வந்தது. சோதனையில் இருபது கருவிகளில் ஒன்று, அணைத்து எழுப்பினால் எழ மறுத்தது. திங்கட்கிழமை வெளியீடு. கம்பிகளுக்கான ரெகுலேட்டரை அணைக்காமலே வைத்துப் பார்த்தாள், இருபதும் எழுந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலை கேக் வெட்டினார்கள், முதல் துண்டு அவளுக்குத்தான். அந்த வரி இப்போது அறுநூற்று நாற்பது பேருடைய காதுக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

திருத்தம் எட்டே வரி. இரண்டு வாசலையும் மூடு; மின்னழுத்தம் உண்மையாகவே சைபருக்கு இறங்கியதா என்று அளந்து பார்; இறங்கிய பிறகே அடுத்த வேலை. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தாள். அனுப்பும் முன் ஒப்புதல் கேட்கப் பாதுகாப்பு அதிகாரி சுந்தரேசனின் அறைக்குப் போனாள்.

அவர் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார். வளைவுகளின் பெயர்கள், வருட வாரியாக உயிரிழப்புகள். புளியங்காட்டுக்கு நேரே ஒன்பது, ஏழு, மூன்று, அதன் பிறகு இரண்டு வருடமாகப் பூஜ்யம்.

“விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டினோம். நல்ல பலன்,” என்றார் சுந்தரேசன்.

ஆக்னஸ் பலகையையே பார்த்தாள். ஹவர்கள் சேரச் சேர ஓட்டுநர்களின் கைகள் அந்த இடத்தில் தாமாக ஹாரனுக்குப் போயிருக்கின்றன. ஒரு ஹவர் உள்ளவருக்கு வெறும் மனக்கலக்கம், நான்கு உள்ளவருக்கு ஆட்கள். கலக்கம் இல்லாத இளசுகள் பெரியவர்களைக் கேட்டு ஊதினார்கள். வளைவில் ஹாரன் கேட்டு மில் ஆட்கள் நின்றார்கள். அவளுடைய பிழைதான் இரண்டு வருடமாக அங்கே காவல் காத்திருக்கிறது.

“சார், இதைத் திருத்தினா ஓட்டுநர்கள் அங்கே ஊதறது நின்னுடும். முதல்ல அங்கே விசில் பலகை வைங்க, வேலியைச் சரி பண்ணுங்க. அப்புறம் அனுப்பறேன்.”

“அங்க ஊதவே கூடாதும்மா. குடியிருப்புலேர்ந்து புகார் மேல புகார்.”

“ஆட்கள் சாவாங்க சார்.”

“எந்த ஆதாரத்துல சொல்றீங்க? ரெண்டு வருஷம் பூஜ்யம். பூஜ்யத்துக்கு வேலி கேட்டா மேலிடத்துல சிரிப்பாங்க.” அவர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “ரெண்டு மூணு ஆச்சுன்னா ஃபைல் தானா நகரும். இப்ப என் ஆட்கள் தூங்கணும். நீங்க அனுப்புங்க.”

அவள் அனுப்பவில்லை. நேராக நாச்சிமுத்துவிடம் போனாள். நடைமேடைக் கடைசியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் வரி, நான்கு ஹவர், ஹாரன், பூஜ்யம். எண்ணிக்கையைச் சொல்வது விதிக்கு விரோதம் என்பது தெரிந்தேதான் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நாலு பேருங்களா,” என்று மட்டும் கேட்டார். தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். “முன்னெல்லாம் ஒரு ஆளு உழுந்தா நாங்க சங்கத்துல கத்துவமுங்க. வேலி போடு, பாலம் கட்டுன்னு வண்டிய நிறுத்திக் கத்துவோம். இப்ப கத்தறதுக்கு யாருக்கு என்னங்க ஞாபகம் இருக்குது?”

“நீங்க வேண்டாம்னா நான் அனுப்பலை. என் வேலை போனாலும் பரவாயில்லை.”

அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “என்னால முடியலீங்கம்மிணி. சோத்துல கை வெச்சா அந்தப் பொம்பள தூக்குப்போசியோட நிக்கறா. அணைச்சு உடுங்க. நான் மறக்காம ஊதறனுங்க. தெரிஞ்சே ஊதறேன். மத்தவங்ககிட்டயும் சொல்லி வெக்கறேன்.”

நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. நம்ப வேண்டும் என்ற ஆசையும் அவளுக்கு இருந்தது. அன்று மாலையே திருத்தம் போயிற்று. மீட்டர் சைபருக்கு இறங்கி அசையாமல் நின்றது. நாச்சிமுத்து ஜன்னல் வழியே நடைமேடையின் கோடி வரை ஒரு தரம் பார்த்துவிட்டு, “போயிட்டாங்க,” என்றார். மர பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனார்.

ஏழு வாரம் கழித்து, மகாளய அமாவாசை முடிந்த வாரத்தில் ஆக்னஸ் மறுபடி ஈரோட்டுக்கு வந்தாள். ஒரு ஹவர் போனால் கருவியைச் சரிபார்ப்பது அவள் வேலை. எந்தக் கருவி என்று சென்னையிலேயே பார்த்திருந்தாள். எஞ்சினின் பதிவையும் போலீஸ் அறிக்கையையும் பார்த்திருந்தாள்.

நாச்சிமுத்துவின் முகம் தெளிந்து, உடம்பில் ஒரு சுற்றுச் சதை போட்டிருந்தது. “மாசாந்திரச் செக்கப்புங்களா? வாங்க, வாங்க. இப்ப நல்லாத் தூங்கறனுங்க. ஊட்டுல கொறட்ட சத்தத்துக்குத்தான் திட்டு.”

அவள் ஊசியைச் செருகினாள்.

“ஊதிட்டு இருக்கீங்களா?”

“ஊதறனுங்க. ஒண்ணு ரெண்டு நாள் உட்டுப் போயிருக்கும்.” கொஞ்சம் யோசித்தார். “அன்னைக்கு நாலு பேருன்னு சொன்னீங்கல்ல. பேரு தெரியாது, மொகமும் இப்ப ஞாபகமில்ல. ஆனா நான் எடுத்த உசுருதானே. அமாவாசைக்கு எங்கப்பாவுக்கு எலை போடறப்ப பக்கத்துலயே நாலு எலை போட்டு சோறு வெச்சனுங்க. என்ர ஊட்டுக்காரி ஒண்ணும் கேக்கல.”

ஆக்னஸ் திரையைப் பார்த்தாள்.

“போன மாசம் ஒரு செவ்வாக்கெழம எனக்குக் காய்ச்சல்னு லீவு எழுதியிருக்குதுங்க. காய்ச்சல் வந்தாப்பல எனக்குத் தெரியல. தினகரன்கிட்டக் கேட்டா மொகத்தத் திருப்பிக்கறான்.” குரல் மாறவில்லை. “அம்மிணி, நாலுதானுங்களே?”

‘நாலு’ என்று சொல்லிவிடலாம். விதியும் அதைத்தான் சொன்னது. இந்த மனிதன் இன்றைக்கும் குறட்டை விட்டுத் தூங்குவான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் எடுத்த முடிவும் இப்படி எல்லோருக்கும் சௌகரியமான ஒன்றுதான்.

“அஞ்சு,” என்றாள்.

வெளியே ஏதோ ஒரு வண்டியின் வருகையை அறிவித்து முடித்தார்கள்.

“அங்கயேங்களா?”

“அங்கேதான்.”

“நான் ஊதலீங்களா?”

“ஊதலை. மழை. முன்னாடி சிக்னல் மஞ்சள். ரெண்டு பேரும் அதைப் பார்த்துட்டிருந்திருக்கீங்க. உங்க தப்பில்லை.”

“தப்பு இருக்குதுங்க,” என்றார். தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “நெனச்சு ஊதறது வேற. கை தானாப் போறது வேற. அந்தப் பழைய வரியத் திருப்பிப் போட்டு உடுங்க.”

“தூக்கம் போயிடும்ங்க.”

“போகட்டுங்க. எல்லாருக்கும் வேண்டாம், எனக்கு மட்டும். நான் ஊதினா கூட வர்றவன் கேட்டு ஊதுவான். அவனக் கேட்டு இன்னொருத்தன். தினகரன் அப்படித்தானுங்களே கத்துக்கிட்டான்.”

“மறுபடி பிரேக் போட்டீங்கன்னா வண்டியிலேர்ந்து இறக்கிடுவாங்க.”

“போடமாட்டனுங்க. யாருன்னு தெரியாமதான் பயந்து போட்டேன். இப்ப தெரிஞ்சவங்கதானே.”

ஆக்னஸ் எட்டு வரியையும் நீக்கிப் பழைய வரியைப் போட்டாள், அந்த ஒரு கருவிக்கு மட்டும். கண்டுபிடித்தால் இருவருக்கும் வேலை போகும். மீட்டரில் எண் மெல்ல ஏறியது. கால். அரை. முக்கால்.

நாச்சிமுத்து வாசல் பக்கம் பார்த்தார். இறந்தவர் ஆணா பெண்ணா என்று அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தண்டவாளத்தோரம் விரிந்தபடி கிடந்ததாக அறிக்கையில் இருந்த குடையைப் பற்றியும் சொல்லியிருக்கவில்லை.

“குடைய மடக்காமயே நிக்கறாருங்க,” என்றார் தாழ்ந்த குரலில். பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, அவர்கள் உட்கார இடம் விட்டார்.